பாறை உருகும் பாடம்

கடல்தட்டு உள்ளே போகிறது என்று தாமோதரன் சார் சொன்னதும் சுகந்தியின் இடது கை வலது கைக்கு அடியில் நழுவிக்கொண்டு போனது. இது எத்தனையாவது தடவையோ, யார் எண்ணினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற முதல் வகுப்பு. மின்விசிறி தன் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, சன்னலுக்கு வெளியே ஏற்காட்டு மலை வெயிலில் வெளுத்துப்போய் நின்றது, பிள்ளைகளில் பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார்கள், கரும்பலகைக்குப் பக்கத்தில் இவள் நின்றாள். எல்லோருக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல். அப்படிச் சொல்வதும் தப்பு, முதல் வரிசையில் பர்வீன் பார்த்துக்கொண்டிருந்தாள். வாணியம்பாடிப் பெண், பிறவியிலேயே காது கேட்காது, இங்கே சேலத்தில் கல்லூரி விடுதியில் தங்கி நிலவியல் படிக்கிறாள். அவளுக்காகத்தான் சுகந்தி. சார் வாயால் சொல்வதை இவள் கையால் சொல்ல வேண்டும், பர்வீன் கையால் கேட்பதை இவள் வாயால் கேட்க வேண்டும், இவ்வளவுதான் வேலை. கேட்கிறவர்களுக்குச் சுலபமாகத்தான் தோன்றும். நாள் முழுக்கத் துணி துவைத்தவளுக்குக்கூட சாயங்காலம் மணிக்கட்டு இப்படி இழுக்காது. இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள், இன்றைக்கோடு சரி, என்று மணிக்கட்டுக்குச் சமாதானம் சொன்னாள். இன்றைக்கோடு சரி என்பது மணிக்கட்டுக்கும் அவளுக்கும்தான் தெரியும். பர்வீனுக்குத் தெரியாது. வேலையை விடுகிறேன் என்றதும், இவளை அனுப்பி வைத்த தொண்டு நிறுவனத்துக்காரர்கள் போனில் சொல்லிவிட்டார்கள், வேற ஆளும் இல்லை சுகந்தி, பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு என்று. வேற ஆள் இல்லை என்றால் பர்வீன் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சாரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஒரு மாசம் பார்ப்பாள், அப்புறம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாணியம்பாடிக்குப் போவாள். அவளோடு சேர்ந்த காது கேளாத இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள், அது இவள் வருவதற்கு முன்னால். மணி அடித்ததும் சொல்லிவிட வேண்டும். மணி அடிக்கிறதுக்குள் எப்படிச் சொல்வதென்று யோசித்துவிட வேண்டும்.

யோசிக்கத்தான் எங்கே விடுகிறார் இந்த மனுஷன். "கண்டத்தோட ஓரம். இந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நிலம். கடலடித் தட்டு கனமானது, அதனால அதுதான் கீழ போகும். நிலம் லேசு, மேலயே நிக்கும். புரியுதா? அவளுக்குப் புரியுதான்னு கேளுங்க." அவளுக்கு என்று இவளிடம் சொல்லக் கூடாது, பர்வீனைப் பார்த்து உனக்குப் புரியுதா என்று கேட்க வேண்டும், ஒன்றரை வருஷமாகச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, நல்ல மனுஷன்தான், தலையை ஆட்டுவார், மறுபடி அவளுக்குப் புரியுதா என்பார். புரியுது என்று பர்வீனின் முஷ்டி ஆடியது. இந்தத் தட்டு, அந்தத் தட்டு, மாக்மா என்கிற பாறைக் குழம்பு, எதற்கும் சைகை கிடையாது, இரண்டு பேருமாக விடுதி வாசல் மரத்தடியில் உட்கார்ந்து உண்டாக்கினார்கள். கிரானைட்டுக்கு எதை வைப்பது என்று சண்டையே வந்தது. கடைசியில் பர்வீன்தான் உள்ளங்கையில் விரல் நுனிகளை அங்கங்கே குத்திக் காட்டினாள், உப்பும் மிளகும் தூவின மாதிரி, அதுவே நிலைத்தது. சுகந்திக்கும் ஒரு பேர் வைத்தாள். காது கேளாதவர்கள் யாரையும் எழுத்துக்கூட்டிக் கூப்பிடுவதில்லை, ஆளுக்கொரு அடையாளம் பார்த்து ஒரு சைகை வைத்துவிடுவார்கள், அதுதான் பேர், சாகிற வரைக்கும் மாறாது. இவளுக்கு அப்பா வைத்த பேர் கன்னத்துக் குழியில் விரல் வைப்பது. பர்வீன் வைத்தது வலது கையால் இடது மணிக்கட்டைத் தேய்ப்பது. வகுப்பு முடிந்ததும் இவள் செய்கிறதைப் பார்த்து வைத்திருக்கிறாள், கள்ளி. முதலில் கோபம்தான் வந்தது. கன்னத்துக் குழி போய் மணிக்கட்டு வலி பேராகிவிட்டதே என்று. ஆனால் கன்னத்துக் குழியைத் தொட்டுக் கூப்பிட இனிமேல் யார் இருக்கிறார்கள்.

அப்பாவை நினைக்கக் கூடாது, வகுப்பில் நினைக்கவே கூடாது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குச் சத்தமிடும் முத்து வைத்து ஊதிப் பற்றவைத்த மனுஷன், ஆயுசு முழுக்க ஒரு கொலுசுச் சத்தம் கேட்டதில்லை. இதுல அப்படி என்ன இருக்குதுன்னு ஊரே வாங்கி மாட்டுது என்று கையை விரித்துச் சிரிப்பார். அம்மாவுக்கும் கேட்காது, அம்மா முன்னாலேயே போய்விட்டாள். வீட்டில் காது என்றால் சுகந்தியின் காது ஒன்றுதான். பால்காரன் வந்தால் அவள், பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டு இந்தப் பிள்ளை வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று அப்பாவிடம் புகார் சொன்னால் அந்தப் புகாரையும் அவளே கையால் சொல்ல வேண்டும். சொல்லியிருக்கிறாள், ஒரு வார்த்தை குறைக்காமல். மற்ற பிள்ளைகள் தூக்கத்தில் உளறும், இவள் தூக்கத்தில் கையால் உளறுவாள். அப்பா பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார். காலையில் எழுந்ததும், யாரோ உன் பென்சிலைப் பிடுங்கிட்டாங்களா கனவுல, என்று கேட்பார். அட, எல்லாமே தெரிந்துவிடும். ஒளித்துவைக்க இடமே கிடையாது அந்த வீட்டில்.

"இப்ப நல்லா கவனிங்க. பரீட்சையில எல்லாரும் தப்பு பண்ற இடம் இது." சார் சாக்பீஸால் கரும்பலகையைத் தட்டினார், பின் வரிசையில் ஒருவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "கீழ சூடு ஜாஸ்தி, அதனால பாறை உருகுதுன்னு எழுதுவீங்க. அது கிடையாது. அந்த ஆழத்துல சூடு எப்பவுமே இருக்கு. கோடிக்கணக்கான வருஷமா அந்தச் சூட்டுல பாறை கெட்டியாத்தான் கிடக்கு. மேல இருக்கிற எடை அமுக்குது, உருக விடாது." எடை அமுக்குது என்று இரண்டு உள்ளங்கைகளும் கீழே இறங்கின. மணிக்கட்டில் சுருக்கென்றது. சூட்டிலேயே கெட்டியாகக் கிடப்பது பற்றி இவரிடம் பாடம் கேட்க வேண்டுமா என்ன, என்று நினைத்தாள், உடனே அந்த நினைப்பைத் தள்ளினாள். மொழிபெயர்க்கப் போகிற இடத்தில் நீ கிடையாது. பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது. நான் என்று நெஞ்சைத் தொட்டால் அது நீ இல்லை, பேசுகிறவர். போன மாசம் சார் தன் சின்ன வயசில் மலையில் சறுக்கி விழுந்து பேன்ட் கிழிந்த கதையைச் சொன்னார், இவள் தன் நெஞ்சைத் தொட்டாள், தன் இடுப்புக்குக் கீழே டர்ரென்று கிழித்துக் காட்டினாள், பர்வீன் விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்தது சாரைப் பார்த்து. அப்படித்தான் இருக்க வேண்டும். கண்ணாடியைத் தாண்டிப் பார்க்கிற மாதிரி இவளைத் தாண்டிப் பார்க்க வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளர் என்று பேர் வாங்கினாள். கிடையவே கிடையாது என்று ஆகிவிட்டால் நல்ல பேர்.

ஆஸ்பத்திரியிலும் அவள் கிடையாதுதான். டாக்டர் சின்னப் பையன், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான், கல்லீரல் முழுக்கப் பரவிடுச்சும்மா, இனிமே பெருசா செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை, அவருக்கு எப்படிச் சொல்றதோ சொல்லிடுங்க. அப்பா இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம், யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கைக்கு மாற்றிச் சொல்லத் தெரியாது, பால்காரன் சொன்னதிலிருந்து எதையும் மாற்றிப் பழக்கமில்லை. தன் வயிற்றின் மேல் விரல்களை விரித்துப் பரவ விட்டாள். ஒன்றும் செய்வதற்கில்லை என்றாள். அப்பா புருவத்தைச் சுருக்கினார். கை நடுங்குது, புரியலை, சரியாச் சொல்லு, என்றார். சரியாகச் சொல்ல வேண்டுமாம். மூச்சை இழுத்துவிட்டு, கையை நேராக வைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து, விரல் பிசகாமல், இரண்டாம் தடவை சொன்னாள். உலகத்தில் யாராவது பெற்ற அப்பாவிடம் இதை இரண்டு தடவை சொல்லியிருப்பார்களா. பொங்கல் கழிந்து போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் அத்தைமார்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், திருச்செங்கோட்டிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் அப்பாவின் கூட்டாளிகள் வந்து சத்தமில்லாமல் நின்றார்கள். சுகந்தி, அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளு. சுகந்தி, எப்ப எடுப்பாங்கன்னு அவங்க கேக்கறாங்க பாரு, சொல்லு. இரண்டு பக்கத்துக்கும் அவளே. அழுவதற்குக் கை வேண்டும், முகத்தை மூடிக்கொள்ளவாவது வேண்டும், கை ஓயவில்லை. அன்றைக்கு அழாதது அப்புறமும் வரவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து வரவழைத்துப் பார்த்தாள், ஊகூம். கல்லூரியில் யாரிடமும் சொல்லவுமில்லை, பர்வீனிடம்கூட.

போதும்டா சாமி. ஈரோட்டில் மாமா பையன் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான், பில் போடுகிற இடத்துக்கு ஆள் வேண்டுமாம். திங்கட்கிழமை வந்துவிடு என்றான். நாற்காலியில் உட்கார வேண்டியது, பொத்தானைத் தட்ட வேண்டியது, பை வேணுமா என்று கேட்க வேண்டியது. பை வேணுமா. சின்னக் கேள்விதான், ஆனால் அவளுடைய சொந்தக் கேள்வி, வேறு யாரும் சொல்லச் சொல்லி அவள் சொல்வதில்லை. அதை நினைத்தால் உடம்பே இளகி நாற்காலியில் சரிகிற மாதிரி இருந்தது. இந்தப் பெண்ணை விட்டுப் போகிறாயே என்று உள்ளேயிருந்து ஒன்று கேட்டது. கேட்கட்டும். ஊரில் உள்ள காது கேளாத பிள்ளைகளுக்கெல்லாம் நானா பொறுப்பு? இல்லைதான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு? பர்வீன் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குறிப்பெடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது, குனிந்து எழுதினால் பாடம் போய்விடும், அதனால் ஒரு மணி நேரமும் பார்ப்பது ஒன்றே வேலை. இப்படி ஒருத்தி உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் உனக்குத்தான் களைப்பா, அவள் கண்ணுக்கு இருக்காதா.

"அப்ப எது உருக்குது? தண்ணி! கீழ போற கடல்தட்டுல இருக்கிற கனிமங்களுக்குள்ள தண்ணி சிக்கியிருக்கு. ஆழம் போகப் போகத் தட்டு அதைக் கக்கிடும். அந்தத் தண்ணி மேல ஏறி, மேல இருக்கிற சூடான பாறைக்குள்ள போகும். கொஞ்சம்தான். ஆனா போனவுடனே என்ன ஆகும்? அதுவரைக்கும் உருகாத பாறை, அதே சூட்டுல, உருக ஆரம்பிக்கும்." அதே சூட்டில், என்று கை சொன்னது. கொஞ்சம் தண்ணீர், என்று கை சொன்னது. சாரின் குரல் போய்க்கொண்டே இருந்தது. அப்படி உருகினது பசால்ட் என்கிற கறுப்புப் பாறைக் குழம்பு, அது ஏறி வந்து கண்டத்தின் அடிவயிற்றில் முட்டிக்கொண்டு நிற்கும், மேலே போகவும் முடியாது, கீழே போகவும் முடியாது, அங்கேயே தேங்கி, தன் சூட்டை மேலே இருக்கிற பாறைக்குக் கொடுக்கும், அந்தப் பாறையும் உருகும், முழுசாக இல்லை, எது முதலில் இளகுமோ அது மட்டும். இரண்டும் கலக்கும். அந்தக் கலவைதான் மெள்ள மெள்ள ஏறி, பெரும்பாலும் வெளியே வராமலேயே, பூமிக்குள்ளேயே ஆறிக் கிரானைட் ஆகும். எரிமலையாக வெடிப்பது கொஞ்சம்தான், உள்ளேயே ஆறிப்போவதுதான் ஏராளம். உள்ளேயே ஆறிப்போவது. ஐயோ, எவ்வளவு களைப்பாக இருக்கிறது. முட்டிக்கொண்டு நிற்கிறது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. சார் கரும்பலகை பக்கம் திரும்பிப் படம் வரைய ஆரம்பித்தார், பேச்சு நின்றது, சாக்பீஸ் கிரீச்சிட்டது, மின்விசிறி சுற்றியது, கைக்குக் கிடைத்த ஓய்வு. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நல்ல அமைதி.

பர்வீனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த முகம் பாடம் கேட்கிற முகமாக இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் இவளைத் தாண்டி சாரின் முதுகுக்குப் போய், அங்கேயே நின்றது. என்ன ஆச்சு? சுகந்தி குனிந்து பார்த்தாள். தன் வலது கை நெஞ்சுக்கு முன்னால் விரல்களை உதறின நிலையில் நின்றுகொண்டிருந்தது. முடிந்தது, இனி இல்லை, என்கிற சைகை அது. சார் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே. அப்புறம்தான் கைகளில் மிச்சம் இருந்த அசைவு ஒவ்வொன்றாக முதலிலிருந்து திரும்பி வந்தது. நான். அப்பா. செத்துட்டார். அழலை. களைச்சுப் போயிட்டேன். நாளையிலிருந்து வரமாட்டேன். முடிந்தது. தூக்கத்தில் உளறுகிற மாதிரி உளறியிருக்கிறது கை. பாய்க்குப் பக்கத்தில் அப்பா இல்லை, முதல் வரிசையில் பர்வீன் இருந்தாள். சொல்ல வேண்டியதை இப்படியா சொல்வது, படுபாவி. ஆனால் பர்வீன் ஏன் என்னைப் பார்க்காமல் சாரைப் பார்க்கிறாள்? நெஞ்சைத் தொட்டால் அது பேசுகிறவர். ஒன்றரை வருஷமாக இவளே பழக்கியது.

சுகந்தி கையைத் தூக்குவதற்குள் பர்வீன் எழுந்து நின்றுவிட்டாள். காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினாள். சார் திரும்பினார். பர்வீன் அவரைப் பார்த்துக் கையை அசைக்க ஆரம்பித்ததும் சுகந்தியின் வாய், பாழாய்ப்போன பழக்கம், தானாகத் திறந்துகொண்டது.

"சார், உங்க அப்பா இறந்ததுக்கு நான் ரொம்ப வருத்தப்படறேன்."

வகுப்பே நிமிர்ந்தது. தாமோதரன் சார் சாக்பீஸும் கையுமாக நின்றார். "யாரு? எங்கப்பாவா?" பர்வீனின் கை நிற்கவில்லை, அதனால் வாயும் நிற்க முடியவில்லை.

"நீங்க களைச்சுப் போயிட்டேன்னு சொன்னீங்க. லீவு போடுங்க சார், நாங்க காத்திருக்கோம். ஆனா வரமாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க வீட்ல யாருக்கும் சைகை தெரியாது. எங்க பெரியம்மா மௌத்தானப்ப ஊருக்கே தெரிஞ்சிருந்துச்சு, எனக்கு மட்டும் மறுநாள்தான் தெரிஞ்சுச்சு. வீடு நிறைய ஆளு, எல்லாரும் அழறாங்க, யாரு போயிட்டாங்கன்னே தெரியாம நானும் நின்னேன். எல்லாரும் எனக்குக் கடைசியாத்தான் சொல்லுவாங்க. இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒருத்தர் தன் வீட்டுச் சாவை எனக்கு நேரா..."

அதற்கு மேல் வாய் வரவில்லை. பர்வீனின் கை நன்றி என்று முடித்ததைப் பார்த்தாள், நன்றி என்று சொல்ல வேண்டும், ந கூட வரவில்லை. ஆஸ்பத்திரி, சுடுகாடு, காரியம் எதற்கும் அசையாதது, இந்தச் சின்னப் பெண் கையால் சொன்ன ஒரு வார்த்தையில் அடியோடு இளகி மூக்கு வழியாகவும் கண் வழியாகவும் கொட்டியது. சார் ஒன்றும் புரியாமல், "எங்கப்பா தர்மபுரியில களி சாப்டுட்டு நல்லாத்தானம்மா இருக்காரு!" என்றார். அவ்வளவுதான், வகுப்பு கொல்லென்று சிரித்தது, தூங்கினவன்கூட எழுந்து சிரித்தான். பர்வீனுக்குச் சிரிப்பு கேட்காது, பார்க்க முடியும். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், காது சிவந்துபோய், உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா, பாடத்துல ஏதோ குழப்பம், என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுகந்தி தப்பித்துவிடலாம், மணி அடித்ததும் ஈரோட்டு பஸ்ஸைப் பிடிக்கலாம். பர்வீன் பைத்தியக்காரியாக நிற்பாள், அவ்வளவுதானே.

"சிரிக்காதீங்க," என்றாள் சுகந்தி. யார் குரல் இது என்று அவளுக்கே திக்கென்றது. "சார், அவ தப்பா ஒண்ணும் சொல்லலை. செத்தது எங்கப்பா. என் கை என்னையறியாம சொல்லிடுச்சு. அவ நீங்க சொன்னதா நெனச்சுக்கிட்டா. நான்தான் சார். நான் பேசறேன்." வாய் பேசும்போதே கையும் பேசியது. நான் என்று நெஞ்சைத் தொட்டாள். பர்வீன் குழப்பத்தோடு சாரைப் பார்த்தாள். இல்லை, அவர் இல்லை, என்று தலையை ஆட்டிவிட்டு, சுகந்தி தன் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தேய்த்தாள். மறுபடி நெஞ்சைத் தொட்டாள். பர்வீனின் கண் வகுப்பில் முதல் தடவையாக இவளைத் தாண்டிப் போகாமல் இவள் மேலேயே நின்றது.

தாமோதரன் சார் சாக்பீஸை மேசையில் வைத்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார், பர்வீன் பக்கம் திரும்பினார், மறுபடி இவளைப் பார்த்தார். "ஒண்ணரை வருஷமா இங்க நிக்கறீங்க," என்றார், குரல் தாழ்ந்துவிட்டது. "உங்க பேரே நான் கேட்டதில்லையேம்மா."

"சுகந்தி, சார்."

பர்வீன் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சுகந்தியைக் கட்டிப்பிடிக்கவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. இவளுடைய இடது மணிக்கட்டை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு தேய்த்தாள். தைலம் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தாள். பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளா, வலிக்குத் தேய்க்கிறாளா, இரண்டும்தான் போலிருக்கிறது. ஒரு நிமிஷம் கழித்துக் கையை விட்டாள், புருவத்தைத் தூக்கினாள். நாளைக்கு?

"வரமாட்டேன்," என்றது சுகந்தியின் கை. பர்வீன் கண்ணை எடுக்காமல் நின்றாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு சுகந்தி கையை மறுபடி தூக்கினாள். "வீட்ல இருந்து அப்பாவுக்காக அழணும். நாலு நாளோ, அஞ்சு நாளோ. அதுக்கப்புறம் மிச்சப் பாடம்." முஷ்டி ஆடியது, புரியுது. ஈரோட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும். பை வேணுமா என்று கேட்க அவன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.